நன்னெறியை யார் கற்பிப்பது?

(தோட்டத் தொழிலாளர் சங்கக் கிளையொன்றின் ஆண்டுக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு. கூட்டத்திற்கு வர இயலாத உறுப்பினர் பலர் கேட்டுக்கொண்டதற்கிணங்க, பேச்சை முழுமையாக வெளியிடுகிறோம்.)

 

சம்பளம், போனஸ், வீடு, மருத்துவம் என்று பேசவேண்டிய மேடை இது. இதிலே ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியாரைக் கொண்டுவந்து நிறுத்தி, "பிள்ளைகளுக்கு நன்னெறி கற்பிப்பது பற்றிப் பேசுங்கள்" என்று கேட்டிருக்கிறார் உங்கள் செயலாளர். ஏன் இந்தத் தலைப்பு என்று அவரைக் கேட்டேன். அவர் ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார். நம் குடும்பத்துப் பையன்கள் இரண்டு மூன்று பேர் கும்பலோடு சேர்ந்து திரிந்து, போலீஸ் நிலையம் வரைக்கும் போய்விட்டார்கள். பெற்றவர்கள் தலைமேல் கை வைத்துக்கொண்டு சங்க ஆபீசில் வந்து உட்கார்ந்தார்கள். அப்போது ஒரு தகப்பனார் கேட்டாராம்: "இத்தனை வருஷம் பள்ளிக்கூடத்திற்கு அனுப்பினேனே, அங்கே என்னதான் சொல்லிக் கொடுத்தார்கள்?"

நியாயமான கேள்வி. இதே கேள்வியைத் திருப்பிப் போட்டு, நாங்கள் ஆசிரியர்கள் எங்கள் அறையில் உட்கார்ந்து கேட்டுக்கொள்வோம்: "வீட்டிலே என்னதான் சொல்லி வளர்த்தார்கள்?" முப்பத்து நான்கு ஆண்டுகள் இந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கிறேன், கேட்கவும் கேட்டிருக்கிறேன். வீடு பள்ளியைக் கை காட்டுகிறது. பள்ளி வீட்டைக் கை காட்டுகிறது. இரண்டு கைகளுக்கும் நடுவிலே பையன் நழுவித் தெருவிற்குப் போய்விடுகிறான்.

பள்ளியில் என்ன சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று கேட்டீர்கள். முதலில் அதற்குக் கணக்குக் காட்டிவிடுகிறேன்.

1983-இல் நாட்டிலே புதிய தொடக்கப்பள்ளிப் பாடத்திட்டம் வந்தது. அதிலேதான் நன்னெறிக் கல்வி தனிப் பாடமாக நுழைந்தது. இஸ்லாமியப் பிள்ளைகளுக்கு இஸ்லாமியக் கல்வி, மற்றவர்களுக்கு நன்னெறிக் கல்வி என்று ஏற்பாடு. அந்தப் பத்தாண்டின் முடிவில் இடைநிலைப்பள்ளிக்கும் அது போயிற்று. 1993-இல் எஸ்.பி.எம். தேர்விலும் ஏறிற்று. பின்னால் தொடக்கப்பள்ளிக்கு வந்த பாடத்திட்டத்தில் நெறிகள் 14. இறைநம்பிக்கை, நன்மனம், கடமையுணர்வு, நன்றி நவிலல், மரியாதை, நடுவுநிலைமை, துணிவு, நேர்மை, ஒத்துழைப்பு என்று அந்த வரிசை போகும். இந்தப் பட்டியலைப் பார்த்து யாராவது குறை சொல்ல முடியுமா? ஒரு சொல்லைக்கூட அடிக்க முடியாது. அத்தனையும் தங்கம்.

குறை பட்டியலில் இல்லை. அந்தத் தங்கத்தை நாம் என்ன செய்தோம் என்பதிலே இருக்கிறது. இடைநிலைப்பள்ளியில் ஒரு காலத்தில் 36 நெறிகள் இருந்தன. ஒவ்வொரு நெறிக்கும் ஒரு விளக்கம். அந்த விளக்கத்தை மலாய் மொழியிலே எழுத்துப் பிசகாமல் மனப்பாடம் செய்து தேர்வுத் தாளில் எழுதவேண்டும். ஒரு சொல் மாறினால் மதிப்பெண் போயிற்று. என் அண்டை வீட்டுப் பையன் ஒருவன் தேர்வுக்கு முதல்நாள் சகிப்புத்தன்மைக்கு விளக்கம் உருப்போட்டுக்கொண்டிருந்தான். குறுக்கே வந்து சந்தேகம் கேட்ட தங்கையின் முதுகிலே ஓர் அறை விழுந்தது. அறைந்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து சகிப்புத்தன்மையைத் தொடர்ந்தான். அந்தப் பாடத்தில் அவனுக்கு 'ஏ' கிடைத்தது என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நானும் அன்று சிரித்தேன். ஆனால் அது அந்தப் பையனின் குற்றம் அல்ல. மதிப்பெண் எதற்குக் கிடைக்கும் என்று நாம் காட்டினோமோ அதை அவன் செய்தான். 2017 முதல் படிப்படியாக வந்த புதிய பாடத்திட்டத்தில் நெறிகளை 18 ஆகக் குறைத்தார்கள். மனப்பாடத்தைக் குறைத்துச் சிந்தனையைக் கூட்டவேண்டும் என்பது அதன் நோக்கம். 2019 ஜூன் மாதம் முதல் குடிமைக் கல்வி என்று ஒன்றையும் மற்றப் பாடங்களோடு சேர்த்தார்கள். நல்ல முயற்சிகள்தான், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனாலும் ஒன்று என் மனத்தில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. தேசியப் பள்ளியிலே அந்தப் பாடவேளைக்கு மணி அடித்ததும் வகுப்பு இரண்டாகப் பிரியும். ஒரு பாதி ஓர் அறைக்கும், மறுபாதி வேறோர் அறைக்கும் போகும். ஒருவரையொருவர் மதிக்கவேண்டும் என்ற பாடத்தை, அந்த ஒருவரும் மற்றவரும் ஒரே பெஞ்சியில் உட்காராத நேரத்தில் நடத்துகிறோம். அவரவர் சமயத்தை அவரவர் படிக்கட்டும், அது தேவை. அதற்கு மேலே எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து நியாயம் பேச ஒரு மணி நேரம் வேண்டாமா?

சரி, பாடத்திட்டக் கதை போதும். இந்தப் பாடத்திட்டம் வருவதற்கு முன்னால் தோட்டத்துப் பள்ளியிலே நன்னெறி இல்லையா? இருந்தது. நிறைய இருந்தது. ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் குறளும் மணலிலே எழுதிப் படித்தவர்கள் நம் பெரியவர்கள். ஆனால் அவற்றோடு சேர்த்து இன்னொரு நன்னெறியையும் தோட்டம் நமக்குச் சொல்லிக் கொடுத்தது. அதைப் பற்றித்தான் நான் இன்று முக்கியமாகப் பேச வந்தேன்.

தோட்டத்துப் பள்ளிகள் எப்படிப் பிறந்தன? கூட்டு மலாய் மாநிலங்களில் 1923-இல் வந்த தொழிலாளர் சட்டம், ஏழு வயது முதல் பதினான்கு வயது வரையிலான பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைக்கவேண்டும் என்றது. சட்டத்திற்காகப் பள்ளி வைத்தார்கள். கொட்டகை ஒன்று கிடைத்தது. வாத்தியார் பல இடங்களில் கங்காணியோ கிராணியோதான். காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டவரே பிறகு வந்து பாடமும் எடுப்பார். அப்படிப்பட்ட பள்ளியில் எந்த நெறி முதலாவதாக இருந்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. கையைக் கட்டு. வாயைப் பொத்து. பெரியவர் பேசும்போது எதிர்க்கேள்வி கேட்காதே. துரை வந்தால் ஓரமாக நில்.

சைக்கிளில் போகிற தொழிலாளி, துரையோ அவருக்குக் கீழுள்ள உத்தியோகஸ்தரோ எதிரே வந்தால் இறங்கி நிற்கவேண்டும். அதற்குப் பெயர் மரியாதை. பிள்ளைகளுக்கும் அதையே மரியாதை என்று சொல்லிக் கொடுத்தோம். இறங்காதவனைத் திமிர் பிடித்தவன் என்றோம். யார் சொன்னது? துரை மட்டுமா சொன்னார்? நாமும் சொன்னோம். நம் தாத்தாக்களும் பாட்டிகளும் சொன்னார்கள்.

1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத்திலே தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த வரலாறு இந்தச் சபைக்குப் புதிதல்ல. அவர்கள் கொடுத்த கோரிக்கைகளை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். கூலி உயர்வு கேட்டார்கள். அது எல்லாரும் கேட்பது. அதோடு, பிள்ளைகளுக்குச் சரியான கல்வி கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். நம் பெண்களிடம் முறைதவறி நடப்பதை நிறுத்தச் சொன்னார்கள். துரைமார் எதிரே சைக்கிளை விட்டு இறங்காமல் போக உரிமை கேட்டார்கள். குறை சொன்னவனைப் பழிவாங்கக்கூடாது என்றார்கள். இதற்கு விலையும் கொடுத்தார்கள். தலைவர் ஆர். எச். நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள், படை வந்தது, தொழிலாளர் சிலர் சுடப்பட்டு மாண்டார்கள்.

நான் ஆசிரியர் பயிற்சி முடித்து வந்தவன். நன்னெறிக்குப் பல புத்தகங்கள் படித்தவன். ஆனால் இந்தக் கோரிக்கைப் பட்டியலைவிடத் தெளிவான நன்னெறிப் பாடப் புத்தகம் நம் சரித்திரத்தில் எனக்குக் கிடைக்கவில்லை. நடுவுநிலைமை இதில் இருக்கிறது. துணிவு இருக்கிறது. ஒத்துழைப்பு இருக்கிறது. தன்னைத்தானே திருத்திக்கொள்ளும் நேர்மையும் இருக்கிறது. கள்ளுக்கடையை மூடு என்று கேட்டவர்கள் அங்கே குடித்துக்கொண்டிருந்தவர்களின் சொந்தக்காரர்கள்தாமே! எழுதப் படிக்க அதிகம் தெரியாதவர்கள் இதைச் செய்தார்கள். மரியாதை வேறு, பயம் வேறு என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இதைத் தெரிந்துகொள்ள எனக்கு வெகுகாலம் பிடித்தது. நான் செய்த ஒரு தவற்றை இந்தச் சபையில் சொல்லிவிடுகிறேன். வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றாயிற்று. இனி மறைத்து என்ன பயன்?

1986-ஆம் ஆண்டு. ஒரு ரப்பர்த் தோட்டத்துப் பள்ளிக்கு என்னை மாற்றியிருந்தார்கள். ஊர்ப் பெயர் வேண்டாம். தகரக் கூரை, இரண்டே அறை, ஆறு வகுப்பு. சம்பளம் அரசாங்கம் கொடுத்தது. ஆனால் பள்ளி நிற்கும் நிலம் தோட்டத்துடையது, நான் குடியிருந்த வீடு தோட்டத்துடையது, வீட்டிற்கு வரும் தண்ணீரும் விளக்கும் தோட்டத்துடையவை. மாலையில் எத்தனை மணிக்கு மின்சாரம் வரவேண்டும் என்பதை ஆபீசில் முடிவு செய்வார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் விளங்கும்.

ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு நன்னெறிப் பாடம். "நேர்மை" என்று கரும்பலகையில் எழுதி, இதைப் பற்றிச் சொந்தமாகப் பத்து வரி எழுதுங்கள் என்றேன். எல்லாரும் வழக்கம்போல எழுதினார்கள். கடையில் மீதிக் காசு அதிகமாகக் கொடுத்துவிட்டார், நான் ஓடிப்போய்த் திருப்பிக் கொடுத்தேன் என்று பதினோரு பேர். கீழே கிடந்த பணப்பையை எடுத்துத் தலைமையாசிரியரிடம் கொடுத்தேன் என்று ஒன்பது பேர். அந்தத் தோட்டத்திலே கீழே கிடப்பதற்கு அத்தனை பணப்பை ஏது?

ஒரு பெண் பிள்ளை மட்டும் வேறு எழுதியிருந்தாள். சுருக்கமாகச் சொல்கிறேன். நேற்று அவள் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனாள். ஸ்டோரில் பால் நிறுத்தார்கள். தராசு 31 கிலோ காட்டியது. அவள் கண்ணால் பார்த்தாள். புத்தகத்தில் 28 என்று எழுதினார்கள். அப்பாவும் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. வீட்டிற்கு வந்ததும் ஏன் அப்பா கேட்கவில்லை என்றாள். சின்னப் பிள்ளை உனக்கென்ன, வாயை மூடிக்கொண்டிரு என்று அம்மா அதட்டினாள். கடைசியில் அவள் எழுதியிருந்தாள்: என் அப்பா பொய் சொல்லமாட்டார், பாலில் தண்ணீர் ஊற்றமாட்டார். ஆனால் பேசாமல் இருந்தார். பேசாமல் இருப்பது நேர்மையா, சார்?

தோழர்களே, பாடத்திட்டத்தை எழுதிய பெரியவர்கள் அத்தனை பேரும் சேர்ந்து உட்கார்ந்து யோசித்தாலும் இதைவிட நல்ல கேள்வியைக் கேட்டிருக்க முடியாது. பதினொரு வயதுப் பிள்ளை கேட்டாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? சிவப்பு மையிலே, "தலைப்பை விட்டு விலகிவிட்டாய்" என்று எழுதினேன். பணப்பையைக் கண்டெடுத்தவர்களுக்கெல்லாம் பத்துக்கு எட்டு. அவளுக்கு நான்கு.

ஏன் அப்படிச் செய்தேன்? அறியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். பயம். நோட்டை யாராவது பார்த்துவிட்டால்? பிள்ளைகளைத் தூண்டிவிடுகிறான் வாத்தியார் என்று ஆபீசில் பேச்சு வந்தால்? வீடு, தண்ணீர், விளக்கு எல்லாம் ஒரு நொடியிலே கண்முன் வந்தன. சைக்கிளை விட்டு இறங்கிவிட்டேன், அவ்வளவுதான். அந்தத் தகப்பனார் ஸ்டோரில் செய்ததைத்தான் நான் வகுப்பில் செய்தேன். அவருக்காவது மறுநாள் வேலை போகும் என்ற அச்சம் இருந்தது. எனக்கு விளக்கு போகும் என்ற அச்சம்.

நான்கு மாதம் கழித்து, வேறு சிலர் சொன்ன குறையின் பேரில் சங்கக் கிளை இதே விஷயத்தைக் கையில் எடுத்தது. எடை பார்க்கும் அதிகாரி வந்து தராசைச் சோதித்தார். தராசில் ஒரு குறையும் இல்லை! எழுதின கையில்தான் குறை. பேச்சுவார்த்தை நடந்தது. நிறுக்கும்போது வெட்டுக்காரர் பக்கத்தில் நின்று பார்க்கலாம், எடை எழுதிய துண்டுச் சீட்டு ஒவ்வொருவர் கையிலும் கொடுக்கவேண்டும் என்று முடிவாயிற்று. மேல் கிலோவுக்குக் காசு கணக்குப் பார்க்கும் குடும்பத்திற்கு அந்தத் துண்டுச் சீட்டு எவ்வளவு பெரியது என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் அதற்குள் அந்தப் பெண்ணின் குடும்பம் வேறு தோட்டத்திற்குப் பெயர்ந்துவிட்டது. நோட்டும் அவளோடு போயிற்று. என் சிவப்பு மையும் போயிற்று.

இங்கே ஒரு சொல் சொல்லாமல் போனால் நானே நடுவுநிலைமை தவறியவன் ஆவேன். தராசு ஒரு பக்கம் மட்டும் பொய் சொல்வதில்லை. பாலிலே தண்ணீர் கலந்தவர்களும் நம்மில் இருந்தார்கள். ஒட்டுப்பாலில் மண்ணும் கல்லும் வைத்துக் கட்டியவர்களும் இருந்தார்கள். "அவன் எழுத்தில் திருடுகிறான், நான் வாளியில் திருடுகிறேன்" என்று சமாதானம் சொன்னார்கள். பிள்ளைகள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதானே இருந்தார்கள்? எடையிலே நியாயம் கேட்க எழுந்தவனுக்கு முதல் பலம், அவன் வாளியிலே தண்ணீர் இல்லை என்பது. அன்று கிளையின் சார்பில் பேசப் போனவர்கள் அத்தனை பேரும் அப்படிப்பட்டவர்கள். அதனால்தான் அவர்கள் பேச்சு எடுபட்டது.

இனி வீட்டுக்கு வருகிறேன். தாய்மார்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

வாசலிலே வட்டிக்காரனின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கிறது. "அப்பா வீட்டில் இல்லை என்று சொல்லு" என்று பிள்ளையை அனுப்புகிறோம். பிள்ளை போய்ச் சொல்கிறது. அதே பிள்ளை மறுவாரம் பள்ளியிலே பொய் சொன்னான் என்று கடிதம் வந்தால் பெல்ட்டைக் கழற்றுகிறோம். பிள்ளைக்கு என்ன விளங்கும்? பொய் தப்பு என்றா விளங்கும்? அப்பாவுக்காகச் சொன்னால் சரி, தனக்காகச் சொன்னால் தப்பு என்றுதான் விளங்கும். பின்னாளில் அண்ணன் ஒருவன் வந்து, "எனக்காக ஒரு பொட்டலத்தைக் கொண்டுபோய்க் கொடு, யார் கேட்டாலும் தெரியாது என்று சொல்லு" என்று சொன்னால், பையனுக்கு அது புதிதாக இருக்காது. வீட்டிலே பழகிய வேலைதானே! கும்பல்காரன் நம் பையனுக்குக் காட்டுவது விசுவாசம், கட்டுப்பாடு, கேள்வி கேட்காத பணிவு. இவற்றையே நாம் நல்ல பழக்கம் என்று சொல்லிக் கொடுத்திருந்தால், அவனுக்கு வேலை மிச்சம்.

ஆம், இதை அழுத்தமாகவே சொல்கிறேன். கேள்வி கேட்காமல் பணிகிற பிள்ளையை நல்ல பிள்ளை என்கிறோம். அவன் யாருக்குப் பணிகிறான் என்று பார்ப்பதில்லை. நமக்குப் பணிந்த அந்தப் பழக்கத்தோடு அவன் தெருமுனையில் நிற்பவனுக்கும் பணிந்துவிட்டான். போலீஸ் நிலையத்திற்குப் போன பையன்களில் ஒருவன் என் பழைய மாணவன். பரம சாது. ஒரு நாளும் எதிர்த்துப் பேசியதில்லை.

இன்னொன்று. இன்று தோட்டங்களில் வெளிநாட்டுத் தோழர்கள் அதிகம். வங்காள தேசம், இந்தோனேசியா, நேப்பாளம் என்று வந்து, நம் தாத்தா படுத்த அதே லயத்து வீட்டில் படுக்கிறார்கள். அவர்களை நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் என்ன பெயர் சொல்லிப் பேசுகிறோம்? பிள்ளைகள் அதை விளையாட்டுத் திடலில் திருப்பிச் சொல்கிறார்கள். என் காதால் கேட்டேன். நம் பாட்டனாரை இழிபெயர் வைத்துக் கூப்பிட்ட காலத்தை நாம் மறந்தோமா? அன்று அது நமக்கு எப்படி வலித்தது என்று பிள்ளைக்கு ஒரு நாள் உட்காரவைத்துச் சொல்லுங்கள். புத்தகத்திலுள்ள பாடத்தைவிட அது உள்ளே இறங்கும்.

ஏன் வாத்தியாரே, குறையையே சொல்கிறீர், ஏதாவது உருப்படியாகச் செய்தீரா என்று கேட்பீர்கள். ஒரு சிறு காரியம் செய்தேன். பெரிதுபடுத்தாமல் கேளுங்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் வேறொரு பள்ளியில் இருந்தேன். தாழ்வாரத்தில் ஒரு மேசை போட்டு, பென்சில், அழிப்பான், கோடு போட்ட தாள் எல்லாம் வைத்தோம். ஒவ்வொன்றின் விலையும் அட்டையில் எழுதியிருக்கும். பக்கத்தில் மைலோ டின் ஒன்று. விற்க ஆள் இல்லை. வேண்டியதை எடு, காசைப் போடு. வெள்ளிக்கிழமை நான்காம் ஆண்டுப் பிள்ளைகள் எண்ணிக் கணக்கு எழுதுவார்கள்.

முதல் வாரம் ஒரு வெள்ளி நாற்பது காசு குறைந்தது. ஆசிரியர் அறையிலே ஒரே பேச்சு. "பார்த்தீரா? நம் பிள்ளைகளை நம்பிக் கடை வைத்தால் இப்படித்தான்" என்றார் ஒருவர். மறைந்திருந்து பிடிக்கலாம் என்றார் இன்னொருவர். நான் பிடிக்கப் போகவில்லை. சபை கூடும்போது கணக்கை அப்படியே பிள்ளைகள் முன் வாசிக்கச் செய்தேன். இவ்வளவு வைத்தோம், இவ்வளவு விற்றது, இவ்வளவு காசு இருக்கிறது, இவ்வளவு குறைகிறது. என்ன செய்யலாம் நீங்களே சொல்லுங்கள் என்றேன். ஒருவன் பூட்டு போடலாம் என்றான். ஒருத்தி, டின்னுக்குப் பக்கத்தில் சாமிப் படம் வைக்கலாம் என்றாள். கடைசியில் மூன்றாம் ஆண்டுப் பையன் ஒருவன் எழுந்து, "காசு இல்லாதவன் என்ன சார் செய்வான்? பென்சில் இல்லாமல் வந்தால் நீங்கள் அடிக்கிறீர்களே" என்றான்.

சபை கப்சிப். அவன் சொன்னது உண்மை. எங்கள் பள்ளியில் பென்சில் கொண்டுவராதவனுக்குப் பிரம்படி உண்டு. அடியையும் வாங்கமுடியாமல், காசும் இல்லாமல், மேசையிலிருந்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறான் யாரோ. அவனா, வேறொருவனா என்று நான் கேட்கவில்லை. அன்று பிள்ளைகளே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மேசைமேல் ஒரு கடன் நோட்டு வைக்கவேண்டும். காசு இல்லாதவன் பெயரும் பொருளும் எழுதிவிட்டு எடுத்துக்கொள்ளலாம். காசு வந்தபோது அடித்துவிடலாம். வைத்தோம். எழுதினார்கள், அடித்தார்கள். சிலர் இரண்டு மாதம் கழித்து அடித்தார்கள். குறைவு அடியோடு நின்றுவிட்டது என்று சொன்னால் அது பொய். சில வாரம் முப்பது காசு, சில வாரம் அறுபது காசு குறையும். பெற்றோர் ஆசிரியர் சங்கம் அதைத் தாங்கிக்கொண்டது. அந்த அறுபது காசைப் பிடிக்க ஆறு வெள்ளிக்குப் பூட்டு வாங்கவில்லை.

பென்சிலுக்காக அடிப்பதையும் அன்றோடு நிறுத்தினேன். பிரம்பைப் பற்றி இன்னும் பேசினால் இந்தக் கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிடும். "எங்களை அடித்ததால்தானே நாங்கள் உருப்பட்டோம்" என்று முன்வரிசையிலேயே ஒருவர் முணுமுணுக்கிறார். சட்டமோ 1959-ஆம் ஆண்டிலேயே பெண் பிள்ளைகளைப் பிரம்பால் அடிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. நான் எத்தனை பேரை அடித்தேன் என்பது எனக்குத்தான் தெரியும். ஐயாவிடம் தேநீர் நேரத்தில் பேசுகிறேன்.

கடைசியாகச் சங்கத்திற்கு என் வேண்டுகோள். பள்ளிக்கூடத்திற்குச் சங்கம் நன்கொடை கொடுக்கிறது, பரிசுக் கோப்பை கொடுக்கிறது, நன்றி. அதைவிட மேலான ஒன்று உங்கள் கையில் இருக்கிறது. பத்துப் பேர் ஒன்றுகூடி ஒரு குறையை எப்படிப் பேசித் தீர்க்கிறார்கள்? சத்தம் போடாமல், பொய் சொல்லாமல், பயப்படாமல் எப்படிப் பேசுகிறார்கள்? எதிரே உட்கார்ந்திருப்பவரையும் மரியாதையாக எப்படி நடத்துகிறார்கள்? கமிட்டிப் பணத்திற்குக் கணக்கு எப்படி எழுதுகிறார்கள்? 1960-இல் துன் சம்பந்தன் தலைமையில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியபோது, மாதக் கூலியில் சிறுகச் சிறுகக் கட்டிய பணத்தால் தொழிலாளர்களே தோட்டம் வாங்கினார்களே, அது எப்படி நடந்தது? ஒத்துழைப்பு என்ற பாடத்திற்கு நம் பிள்ளைகள் எறும்புக் கதையைத்தான் படிக்கிறார்கள். எறும்பு நல்லதுதான். ஆனால் அவர்களுடைய தாத்தா இருக்கும்போது எறும்பு எதற்கு?

நான் தலைமையாசிரியரிடம் பேசியிருக்கிறேன். அடுத்த மாதம் குடிமைக் கல்வி வேளையில் ஐந்தாம் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு அரை மணி நேரம் கொடுக்கச் சம்மதித்திருக்கிறார். உங்கள் செயலாளர் வந்து, ஒரு சம்பளச் சீட்டை எப்படிப் படிப்பது, அதிலே தவறு இருந்தால் யாரிடம், எப்படிக் கேட்பது என்று சொல்லப் போகிறார். பிள்ளைகள் என்ன கேட்டாலும் பதில் சொல்லவேண்டும், தலைப்பை விட்டு விலகிவிட்டாய் என்று மட்டும் சொல்லக்கூடாது என்று அவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு தராசும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். வேலைக்குப் போகாத தாய்மார்கள் யாராவது இருந்தால் வந்து பின்பெஞ்சியில் உட்காருங்கள். வியாழக்கிழமை, காலை பத்தரை மணி.